கோழிக் குடலில் யார் முதலில் குடியேறுகிறார்கள்: பொரித்த நாள் முதல் பிடிக்கிற நாள் வரை

ஒரு பேட்சுக்கு ஐந்து நாள் விடாமல் தண்ணீரில் புரோபயாடிக் தூள் கலந்து கொடுத்தேன். அதே டேங்கில் குளோரின் மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது ஆறாவது நாள் காலையில்தான் உறைத்தது. காசு கொடுத்து வாங்கிய உயிருள்ள பாக்டீரியாவை, குஞ்சின் வாய்க்குப் போகும் முன்பே நானே கொன்றிருக்கிறேன். குஞ்சுகளுக்குக் கெடுதல் ஒன்றும் ஆகவில்லை. நல்லதும் ஆகவில்லை.

அதிலிருந்து, எந்தப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் குஞ்சின் குடலுக்குள் முதலில் யார் நுழைந்தார்கள்? அவர்கள் சாப்பிட என்ன மிச்சமாகிறது? குடல் பாக்டீரியாவைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும், பண்ணையில் நம் கைக்கு எட்டுவது இந்த இரண்டும்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இவற்றில் ஏதோ ஒன்றைச் சரிசெய்வதற்கானவை. கறிக்கோழியை மனதில் வைத்தே எழுதுகிறேன். முட்டைக்கோழிக்கு மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

## தீவனம் போகிற வழி

அலகைத் தாண்டியதும் கழுத்தடியில் தீனிப்பை. இங்கே லாக்டோபேசில்லஸ் வகைகள் தங்கி, தீவனத்தை லேசாகப் புளிக்க வைக்கின்றன. பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5 வாக்கில் இருக்கும். அடுத்து அமிலம் சுரக்கும் இரைப்பை, அதை ஒட்டி அரைவைப்பை. நன்றாக வேலை செய்யும் அரைவைப்பையில் பி.எச். 2 முதல் 4க்குள் இருக்கும். தீவனத்தோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதி சாவது இந்த அமிலத்தில்தான். எனவே அரைவைப்பையை வெறும் மாவு மில் என்று நினைக்காதீர்கள். வாசல் காவலும் அதுதான்.

பிறகு சிறுகுடல். அதன் முன்பகுதியில் பித்தம், செரிமான நொதிகள், தீவனம் ஓடுகிற வேகம் மூன்றும் சேர்ந்து பாக்டீரியாவை அதிகம் நிலைக்க விடுவதில்லை. பின்பகுதியில் ஒரு கிராமுக்கு 10 கோடி முதல் 100 கோடி வரை இருக்கும். சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் பை போலத் தொங்குகின்றனவே, அவை குருட்டுக்குடல்கள். உண்மையான கூட்டம் அங்கேதான்: கிராமுக்கு 1,000 கோடி முதல் 10,000 கோடி வரை. நீரும் மிக நுண்ணிய துகள்களும் மட்டுமே இதற்குள் புகும், பெரிய துகள் நேரே வெளியே போய்விடும். மற்ற இடங்களைத் தீவனம் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. குருட்டுக்குடலோ ஒரு நாளைக்கு ஓரிரு முறைதான் காலியாகும். அதனால்தான் மெதுவாகப் பெருகும் பாக்டீரியாவுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது. இதில் ஒரு விநோதமும் உண்டு. சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் கழிவுவாயிலிருந்து பின்னோக்கித் தள்ளப்பட்டு குருட்டுக்குடலுக்குள் வந்துசேர்கிறது. அந்த நைட்ரஜனையும் பாக்டீரியாக்கள் விட்டுவைப்பதில்லை.

## முதல் மூன்று வாரம்: வீடு எப்படி நிரம்புகிறது

பொரிக்கும்போது குஞ்சின் குடல் ஏறக்குறைய காலி. தாய்க்கோழியின் அடியில் பொரித்த குஞ்சு, தாயின் எச்சம் பட்ட மண்ணையே முதலில் கொத்தும். ஒரே ஒரு நாள் தாயோடு இருந்தாலே வளர்ந்த கோழியின் பாக்டீரியாக்கள் குஞ்சின் குருட்டுக்குடலில் குடியேறிவிடுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இயந்திரத்தில் பொரிக்க வைக்கும் ஹேச்சரியிலிருந்து வரும் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. முட்டை ஓட்டில் ஒட்டியிருந்தது, ஹேச்சர் தட்டின் தூசு, ஆட்களின் கை, குஞ்சுப் பெட்டி, பிறகு உங்கள் ஷெட்டின் தரையில் பரப்பிய கூளம். அதற்குக் கிடைக்கும் பரம்பரைச் சொத்து இவ்வளவுதான்.

ஆனால் நிரம்புகிற வேகம் அசர வைக்கும். பொரித்து ஒரு நாளில் சிறுகுடலின் பின்பகுதியில் கிராமுக்கு 10 கோடி, குருட்டுக்குடலில் 1,000 கோடி. மூன்றாம் நாள் இரண்டும் பத்து மடங்கு. அதோடு எண்ணிக்கை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வீடு மூன்றே நாளில் நிரம்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் மாறிக்கொண்டிருக்கும்.

முதலில் நுழைகிறவர்கள் ஈ.கோலை குடும்பமும் என்டரோகாக்கஸ் வகைகளும். ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை பிழைத்துக்கொள்ளும். குடலில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்ப்பதே இவைதான். அதனால் பின்னால் வரும், காற்று பட்டால் செத்துப்போகிற வகைகளுக்கு வழி திறக்கிறது. ஆக, முதல் இரண்டு நாளில் ஈ.கோலை இருப்பது நோயல்ல, அது ஒரு கட்டம். பத்தாம் நாளும் அதன் கை ஓங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். முதல் வாரத்திலேயே லாக்டோபேசில்லஸ் சிறுகுடலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வாரத்தில் குருட்டுக்குடலில் ரூமினோகாக்கஸ் குடும்பமும், பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் ஃபீக்காலிபாக்டீரியம் போன்றவையும் தலையெடுக்கும். பாக்டீராய்ட்ஸ் வகைகள் பொதுவாக இன்னும் தாமதம்.

சிறுகுடல் இரண்டு வாரத்தில் ஓரளவு நிலைபெறும். குருட்டுக்குடலுக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கறிக்கோழியைப் பிடிப்பதே 35 முதல் 42 நாளில். அதாவது குடல் முதிர்ந்து ஒரு நிலைக்கு வரும்போது கோழி வண்டி ஏறுகிறது! முட்டைக்கோழிக்கு இந்தக் கதை நீளம். முட்டையிடத் தொடங்கும்போது தீவனமும் ஹார்மோனும் மாறுவதால் உள்ளே இன்னொரு முறை ஆள் மாற்றம் நடக்கும்.

இதே நாட்களில் குடலும் வளர்கிறது. முதல் வாரத்தில் உடம்பைவிடக் குடல் வேகமாக எடை கூடுகிறது. சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் நீள்கின்றன. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு நான்கைந்து நாளில் கரைகிறது. அதோடு தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள்களும் குறைந்துகொண்டே போக, குஞ்சின் சொந்த எதிர்ப்புச் சக்தி அப்போதுதான் பாக்டீரியாக்களைப் பார்த்துப் பார்த்துப் பாடம் படிக்கிறது. முதல் வாரத்தில் நடக்கும் தவறு கடைசி வாரம் வரை பேசுவது இதனால்தான்.

## வளர்ச்சிக்கும் இவர்களுக்கும் என்ன கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். "நல்ல பாக்டீரியா கூடினால் எடை கூடும்" என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வது பாதி உண்மை.

1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் வைட்டமின் பி12 தேடிக்கொண்டிருந்தார்கள். குளோர்டெட்ராசைக்ளின் தயாரித்த பின் மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தால், வைட்டமின் கணக்கை மீறி எடை ஏறியது. காரணம் சக்கையில் ஒட்டியிருந்த ஆண்டிபயாடிக். தீவனத்தில் சிறிதளவு ஆண்டிபயாடிக் கலக்கும் பழக்கம் அப்படித்தான் பரவியது. பிறகு கிருமியே இல்லாத கூண்டுகளில் குஞ்சு வளர்த்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகள் சாதாரணக் குஞ்சுகளுக்குச் சளைக்காமல் வளர்ந்தன, சில சோதனைகளில் கொஞ்சம் கூடுதலாகவே. அவற்றுக்கு ஆண்டிபயாடிக் கொடுத்தால் கூடுதல் வளர்ச்சி எதுவும் இல்லை. அப்படியென்றால் மருந்து குஞ்சை நேரடியாக வளர்க்கவில்லை. குடலில் இருந்தவர்கள் வாங்கிக்கொண்டிருந்த வாடகையைக் குறைத்திருக்கிறது.

வாடகை என்றால் என்ன? முதலாவது, தீவனத்தில் பங்கு. சிறுகுடலில் கோழி உறிஞ்ச வேண்டிய சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் பாக்டீரியாவும் சாப்பிடுகிறது. இரண்டாவது, பித்தம். கொழுப்பைக் கரைக்கப் பித்த உப்புகள் வேண்டும். லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ், கிளாஸ்டிரிடியம் இனங்களில் பல அந்த உப்பை உடைத்துப்போடும் நொதியை வைத்திருக்கின்றன. சிறுகுடலில் இவை மிஞ்சினால் கொழுப்பு செரிக்காமல் போகும், குஞ்சுப் பருவத்தில் இன்னும் அதிகமாக. நல்ல பாக்டீரியா என்று பேர் வாங்கிய லாக்டோபேசில்லஸும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். மூன்றாவது, பராமரிப்புச் செலவு. குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒரு முறை புதிதாக வளர்கிறது. தொல்லை கூடக் கூட அது இன்னும் வேகமாகத் தேய்கிறது, சளிப்படலம் அதிகம் சுரக்கிறது, எதிர்ப்புச் சக்தி விழித்தே இருக்கிறது. இத்தனைக்கும் ஆகும் சக்தி மார்புச் சதையிலிருந்து கழிக்கப்படும் சக்தி.

சரி, பதிலுக்கு அவர்கள் என்ன தருகிறார்கள்? குருட்டுக்குடலில் கோழியால் செரிக்க முடியாத நாரைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களைத் தருகிறார்கள். சக்தியாகப் பார்த்தால் அது சின்னப் பங்குதான். ஆனால் பியூட்டிரேட் குடல் செல்களுக்கே உணவு. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பை இறுக்கமாக வைக்கிறது, அழற்சியைத் தணிக்கிறது. இந்த அமிலங்கள் சால்மோனெல்லாவுக்கும் ஆகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சரியான ஆட்கள் துண்டு போட்டு வைத்த இருக்கையில் சால்மோனெல்லாவால் எளிதில் உட்கார முடியாது.

இதை முதலில் நிரூபித்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1971இல் அங்கே கோழிகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் பரவியது. எஸ்கோ நூர்மியும் ரன்டாலாவும் வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடல் உள்ளடக்கத்தைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றில் சால்மோனெல்லாவால் அவ்வளவு லேசில் குடியேற முடியவில்லை. 1973இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. இன்றைக்குக் கிடைக்கும் அத்தனை கோழி புரோபயாடிக்குக்கும் தாத்தா அந்தக் கட்டுரைதான்.

ஆக, மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. நாரின் மிச்சம் குருட்டுக்குடலுக்குப் போனால் அமிலமும் பியூட்டிரேட்டும் வரும். செரிக்காத புரதத்தின் மிச்சம் போனால் அழுகல்: அமோனியா, அமீன்கள், கெட்ட வாடை, கிளாஸ்டிரிடியம்.

## படி 1: குஞ்சு வருவதற்கு முன்

தண்ணீர்க் குழாயில் தொடங்குங்கள். முந்தைய பேட்சில் ஓட்டிய வைட்டமின், சர்க்கரை, மருந்து எல்லாம் குழாயின் உள்ளே வழவழப்பான படலமாக ஒட்டியிருக்கும். கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள்கள் உள்ள லைனின் கடைசி மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வழுக்கினால் அதுதான் பாக்டீரியாப் படலம். குஞ்சு குடிக்கும் முதல் சொட்டு அதைத் தொட்டுக்கொண்டு வரும். ஷெட் காலியாக இருக்கும்போதே, இதற்கென்று வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை லேபிளில் உள்ள அளவில் நிரப்பி, ஊற விட்டு, நல்ல அழுத்தத்தில் அலசி வெளியேற்றுங்கள். கோழி இருக்கும்போது தினசரி குளோரின் ஓட்டுகிறவர்கள் டேங்கில் அளக்காமல் லைனின் கடைசி நிப்பிளில் அளந்து பாருங்கள், அங்கே 3 முதல் 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்க வேண்டும். தண்ணீரின் பி.எச். 8ஐத் தாண்டினால் குளோரின் மந்தமாகிவிடும்.

கூளம் 5 செ.மீ. கனமாவது காய்ந்து இருக்கட்டும். குஞ்சு இறங்குவதற்கு ஒரு நாள் முன்பே, சூடு தரும் புரூடரைப் போட்டுவிடுங்கள். காற்று 32, 33 டிகிரி காட்டினால் மட்டும் போதாது, கூளமும் 28 முதல் 30 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். குளிர்ந்த தரையில் நிற்கும் குஞ்சு தீவனத்தைத் தேடாது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். காலி வயிற்றில் முதலில் நுழைவது யாராக இருந்தாலும் அது அவர்கள் ராஜ்யம்.

## படி 2: முதல் 24 மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். குடலை வளரத் தூண்டுவது உள்ளே வரும் தீவனம். மஞ்சள் கரு இருக்கிறதே என்று தாமதித்தால் குடலுறிஞ்சிகள் குட்டையாகவே நிற்கும். தீவனம் உள்ளே போனால் மஞ்சள் கருவும் சீக்கிரம் கரையும். தரையில் காகிதம் விரித்துத் தீவனத்தைத் தூவுங்கள். நடக்கும்போது காலடியில் சரசரக்கும் சத்தம் குஞ்சுகளைக் கொத்த வைக்கும்.

தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்று ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும். ஷெட்டின் மூன்று நான்கு இடங்களிலிருந்து மொத்தம் 30, 40 குஞ்சு எடுங்கள். குஞ்சை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கழுத்தடியை மெதுவாக வருடுங்கள். நிறைந்து, பிசைந்த மாவு போல மெத்தென்று இருந்தால் தீவனமும் தண்ணீரும் கிடைத்திருக்கிறது. துகள் துகளாகக் கெட்டியாக இருந்தால் தீவனம் மட்டும், தண்ணீரைக் கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர் பலூன் போல இருந்தால் தீவனம் தின்னவில்லை. இறக்கி 8 மணி நேரத்தில் 80 சதவீதக் குஞ்சுகளுக்காவது நிறைந்திருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் 95 சதவீதத்துக்கு மேல். கூடவே குஞ்சின் கால்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் தரை குளிர்கிறது.

## படி 3: சரியான ஆட்களை முந்தி உள்ளே விடுவது

புரோபயாடிக் கொடுப்பதானால் நேரம்தான் எல்லாம். மூன்று நாளில் வீடு நிரம்பிவிடும் என்று பார்த்தோமே, அதற்கு முன்பே கொடுக்க வேண்டும். ஹேச்சரியிலேயே குஞ்சின் மேல் தெளிப்பது சிறந்தது. முடியாவிட்டால் ஷெட்டில் முதல் நாள் தண்ணீரில். இருபதாவது நாள் ஞாபகம் வந்து ஊற்றுவது, நிறைந்த பேருந்தில் ஏறப் பார்ப்பது மாதிரி. கொடுக்கிற வரைக்கும் அந்த பாக்டீரியா எச்சத்தில் தெரியும், நிறுத்தியதும் காணாமல் போகும்.

பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் போன்றவை வித்து வடிவில் வருவதால் பெல்லட் தயாரிக்கும்போது 80, 85 டிகிரிச் சூட்டையும் தாங்கும். தீவனத்தில் தொடர்ந்து கலக்க இவைதான் தோது. லாக்டோபேசில்லஸ் அந்தச் சூட்டில் பிழைக்காது. அதைத் தண்ணீரிலோ தெளிப்பாகவோதான் கொடுக்க வேண்டும். தண்ணீரில் என்றால் குளோரினை ஒரு நாள், இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். யூ.வி. விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள். நான் செய்ததை நீங்களும் செய்ய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நூர்மி செய்தாரே என்று வளர்ந்த கோழியின் எச்சத்தையோ பழைய கூளத்தையோ வாரி வந்து குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் நல்லதோடு ரத்தக்கழிச்சல் கிருமியும், சால்மோனெல்லாவும், வைரஸும் சேர்ந்தே வரும். ஆய்வகத்தில் சோதித்த கலவை வேறு, பக்கத்து ஷெட்டின் கூளம் வேறு.

பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொடுக்கும் ஒலிகோசாக்கரைடு வகைகளும் ஈஸ்ட் செல்சுவரும் உதவலாம். ஆனால் படி 1, 2 சரியில்லாத பண்ணையில் அவற்றால் பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை.

## படி 4: தீவனத்தில் மிச்சத்தைக் குறைப்பது

புரதத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். "புரதம் கூட இருந்தால் சதை கூடும்" என்று ஒன்றிரண்டு சதவீதம் கூட்டிவைப்பது பழைய பழக்கம். செரிக்காத புரதம் குருட்டுக்குடலில் அழுகும் என்று மேலே சொன்னேன். மொத்தப் புரதத்தைக் கொஞ்சம் குறைத்து, லைசின், மெத்தியோனின், திரியோனின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்தால் வளர்ச்சி குறையாது, மிச்சம் குறையும். கூளமும் காயும். சோயாப் பிண்ணாக்கு வேகாமல் இருந்தால் அதில் இருக்கும் டிரிப்சின் தடுப்பான் புரதம் செரிப்பதைக் கெடுக்கும், அதிகம் வெந்துவிட்டால் லைசின் கெடும். மீன் தூள் அதிகமானால் கிளாஸ்டிரிடியத்துக்குக் கொண்டாட்டம்.

தானியத்தில் மக்காச்சோளத்தால் பிரச்சினை குறைவு. கோதுமை, பார்லி, ரை (rye) போன்றவற்றில் கரையும் நார் நிறைய. அது குடலில் கொழகொழவென்று கூழாகி, நொதிகள் கலப்பதைத் தடுத்து, தீவனத்தைச் சிறுகுடலிலேயே தேக்குகிறது. தேங்கினால் பாக்டீரியா பெருகும், எச்சம் ஒட்டும். இந்தத் தானியங்கள் சேர்த்தால் சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ் நொதிகள் கட்டாயம் வேண்டும். அவை நாரைச் சின்னத் துண்டுகளாக வெட்டுவதால் குருட்டுக்குடல் பாக்டீரியாவுக்கும் நல்ல தீனி கிடைக்கிறது.

அப்புறம் அரைவைப்பை. எல்லாவற்றையும் பவுடராக அரைத்துக் கொடுத்தால் அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாத அரைவைப்பை சுருங்கி, தளர்ந்து, அமிலம் தங்காத வெறும் வழியாகிவிடும். ஒரு பங்கு துகள்களாவது 1 மி.மீ.க்கு மேல் கரடுமுரடாக இருக்கட்டும். ஓட்ஸ் உமி போன்ற கரையாத நாரை 2, 3 சதவீதம் சேர்ப்பதும் அதைத் தட்டி எழுப்பும். செத்த கோழியை அறுக்கும்போது அரைவைப்பையையும் வெட்டிப் பாருங்கள். கெட்டியான சிவந்த சதையாக, கல் போல இருந்தால் நல்லது. பலூன் போலத் தொங்கினால் தீவன அரவையில்தான் கோளாறு.

ஸ்டார்ட்டர் என்ற குஞ்சுத் தீவனத்திலிருந்து குரோயர் என்ற அடுத்த கட்டத் தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மூன்று நான்கு நாள் கலந்து மாற்றுங்கள். பூஞ்சை பிடித்த மூட்டை என்றால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். பூஞ்சை நச்சு குடல் சுவரையே அரிக்கும்.

## படி 5: எச்சத்தைப் படிப்பது

ஆய்வகம் இல்லாத பண்ணைக்கு இதுதான் ஆய்வகம். தினமும் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் தரையைப் பாருங்கள்.

சாதாரண எச்சம் பழுப்பு நிறத்தில் உருண்டு, மேலே யூரிக் அமிலத்தின் வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். குருட்டுக்குடல் எச்சம் வேறு மாதிரி: கரும்பழுப்பு, பளபளப்பு, பசை போல ஒட்டும், வாடை தூக்கும். புதிதாகப் பண்ணை தொடங்கியவர்கள் இதைப் பார்த்துக் கழிச்சல் என்று பயந்து மருந்து ஊற்றிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஓரிரு முறை இது வருவது குருட்டுக்குடல் வேலை செய்வதற்கான சாட்சி. பயப்பட வேண்டியது அது நுரைத்து, வெளிறி வந்தால்தான். சிறுகுடலில் செரிக்க வேண்டியது செரிக்காமல் குருட்டுக்குடலுக்குப் போய்ப் புளித்துக் கொதிக்கிறது என்று பொருள்.

எச்சத்தில் மக்காச்சோளத் துகள் அப்படியே தெரிந்தால் அரவையோ அரைவைப்பையோ சரியில்லை. எச்சத்தைச் சுற்றி நீர்வட்டம் பரவினால் உப்பு, சூடு, குடல் அழற்சி மூன்றையும் சந்தேகப்படுங்கள். ஆரஞ்சு நிறச் சளி என்றால் உள்தோல் உரிகிறது. தண்ணீர் மீட்டர் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள். தின்னும் தீவனத்தின் எடையைப் போல 1.6 முதல் 2 மடங்கு தண்ணீர் குடிப்பது வழக்கம். வெயில் ஏறாமல் இந்தக் கணக்கு திடீரென்று ஏறினால், எச்சம் மாறுவதற்கு முன்பே குடல் சொல்லிவிட்டது.

## படி 6: கூளம்

கோழி நின்றால் கூளம், நடந்தால் கூளம், கொத்துவதும் கூளம்தான். அதில் இருப்பது குடலுக்குள்ளும், குடலில் இருப்பது கூளத்துக்குள்ளும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக உதிர்ந்தால் ஈரம் 20, 25 சதவீதத்துக்குள் இருக்கிறது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். கிளறிவிடுவதைவிடக் காற்றோட்டத்தைச் சரிசெய்வதும், ஒழுகும் நிப்பிளை மாற்றுவதும் முக்கியம். குனிந்து குஞ்சின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் மூச்சு விடுங்கள். கண் எரிந்தால் அமோனியா 20 பி.பி.எம்.மைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய கூளத்தையே அடுத்த பேட்சுக்கு வைக்கலாமா? முந்தைய பேட்ச் ஆரோக்கியமாக இருந்து, கூளத்தைக் குவித்துச் சூடேற்றிக் காயவைத்திருந்தால், புதுக் குஞ்சுக்கு முதிர்ந்த குடல் பாக்டீரியா சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மைதான். நோய் வந்த பேட்ச் என்றால் அதே வேகத்தில் நோயும் கிடைக்கும். ரத்தக்கழிச்சலோ ஈரல் கோளாறோ பார்த்த பேட்சின் கூளத்தை நான் மறுபடி வைக்க மாட்டேன்.

## படி 7: மூன்றாவது வாரத்தை எதிர்பார்த்திருப்பது

பெரும்பாலான பேட்சுகள் சறுக்குவது 18 முதல் 28 நாளுக்குள். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு தீர்ந்திருக்கும், தீவனம் மாறியிருக்கும், கூளம் ஈரமாகியிருக்கும், ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியான ஐமீரியா உச்சத்தில் இருக்கும். ஐமீரியா குடல் செல்களைக் கிழிக்கும்போது புரதம் கசிகிறது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் எப்போதும் குடலில் கொஞ்சம் இருக்கும் ஆள்தான், கசிந்த புரதம் கிடைத்ததும் பெருகி நச்சு கக்கும். அதுதான் குடல் அழுகல் நோய்.

அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் காற்றடைத்து ஊதி, சுவர் மெலிந்திருக்கும். உள்தோலைக் கழுவிப் பார்த்தால் தேங்காய்ப்பூத் துவாலை போலச் சொரசொரவென்று இருக்கும். கோழி செத்தால் தெரிந்துவிடும். சாகாமல், எடை மட்டும் நின்று, எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை கூட ஆகும் தீவனம்) மெல்ல ஏறும் மறைமுக வடிவம்தான் பண்ணையாளரை அதிகம் அடிக்கிறது. அதைப் பிடிக்க வாரம் ஒரு முறை எடை போடுவதும், செத்த கோழியை அன்றே திறந்து பார்ப்பதும் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

தடுப்பதும் ஐமீரியாவில்தான் தொடங்குகிறது: முதல் நாள் தடுப்பூசியோ, தீவனத்தில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்தோ. மோனென்சின், நராசின் போன்ற அயனோஃபோர் மருந்துகள் கிளாஸ்டிரிடியத்தையும் ஓரளவு அடக்கும். தடுப்பூசிக்கு மாறும் பண்ணையில் அந்த மறைமுகப் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், படி 4ஐ அங்கே இன்னும் கறாராகப் பின்பற்ற வேண்டும். வெயில் காலத்தையும் கணக்கில் எடுங்கள். கோழி சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பும்போது குடலுக்கு ரத்தம் குறைகிறது, செல் இணைப்பு தளர்கிறது, உள்ளே இருக்க வேண்டியவை ரத்தத்தில் கலக்கின்றன.

## படி 8: ஆண்டிபயாடிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால்

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதை ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதலும் நிறுத்திவிட்டன. காரணம், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா கோழியிலிருந்து மனிதருக்கு வந்துசேரும் ஆபத்து. நோய்க்குக் கொடுப்பது வேறு. கால்நடை மருத்துவர் செத்த கோழியைப் பார்த்துச் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். இரண்டு நாளில் சாவு நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்பே மருந்தை நிறுத்த வேண்டும் என்பதையும் அப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

மருந்து முடிந்த அன்று குடலில் நிறைய இடம் காலியாகியிருக்கும். மறுபடி முதல் நாள் குஞ்சின் நிலைமைதான். முதல் நாளை விட்டால் புரோபயாடிக் காசுக்கு உருப்படியான பலன் தருவது இந்த இரண்டு மூன்று நாள்தான். மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் வீண்.

## படி 9: பிடிப்பதற்கு முந்தைய இரவு

கடைசிப் படி குடலுக்கானது அல்ல, கறியைச் சாப்பிடுகிறவருக்கானது. அறுக்கும்போது குடல் கிழிந்து எச்சம் கறியில் படாமல் இருக்க, பயண நேரத்தையும் சேர்த்து 8 முதல் 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்துவார்கள். அதற்கு மேல் நீட்டினால் குடல் சுவர் மெலிந்து, இன்னும் எளிதாகக் கிழியும். தீவனம் நின்றதும் தீனிப்பையில் லாக்டோபேசில்லஸுக்கும் சாப்பாடு நின்றுவிடுகிறது. அமிலம் குறைகிறது, பசித்த கோழி கூளத்தைக் கொத்துகிறது, கூளத்தோடு வரும் சால்மோனெல்லாவுக்குத் தீனிப்பையில் தடுப்பார் இல்லை. இந்த நேரத்தில் தண்ணீரில் லாக்டிக் அமிலம் கலந்து கொடுப்பது அந்த இடைவெளியை ஓரளவு அடைக்கும். தீவனத் தட்டைத் தூக்கிய பிறகு ஷெட்டுக்குள் தேவையில்லாமல் நடந்து கோழிகளை எழுப்பாதீர்கள், எழுந்தால் கொத்தும். தண்ணீர் லைனை மட்டும், பிடிக்கிற ஆட்கள் கூண்டோடு உள்ளே நுழையும் வரை தூக்க வேண்டாம்.